கெவேர் 88 குழல் வெடித்தது சதியாலா?

நீங்கள் கேட்டதை எனக்குப் புரிந்த வகையில் திருப்பிச் சொல்கிறேன். கனடாவில் ஒரு பழம்பொருள் சந்தையில் ரைஃபிள் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். மேலே லோவே, பெர்லின், 1891 என்று பொறித்திருக்கிறது. விற்பவர் அதைப் 'பழைய மௌசர்' (பேர்போன ஜெர்மன் துப்பாக்கி வகை) என்கிறார். பக்கத்தில் நின்ற ஒருவர், "தொடாதீங்க, அது யூதக் கம்பெனி வேண்டுமென்றே கெடுத்துக் கொடுத்த துப்பாக்கி, சுட்டால் மூஞ்சியிலேயே வெடிக்கும்" என்று பயமுறுத்தியிருக்கிறார். இதில் எது உண்மை, எது கதை என்பது உங்கள் கேள்வி. மௌசரா இல்லையா என்பதற்கு இரண்டு வரி போதும். சில குழல்கள் வெடித்தன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏன் வெடித்தன என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது, அதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

முதலில் என்னைப் பற்றி. அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றில் கேஜ் செக்ஷனில் 31 வருடம் இருந்தேன். குழலின் உள்விட்டத்தை அளந்து 'போகட்டும்' அல்லது 'தள்ளு' என்று சொல்வதுதான் என் பிழைப்பு. சரித்திரம் முறையாகப் படித்தவன் இல்லை, ஜெர்மன் மொழியும் அகராதி வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படிக்கும் அளவுக்குத்தான். இந்த ரைஃபிளை ஒரே ஒரு தடவை ஒரு சேகரிப்பாளர் வீட்டு மேசையில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சுட்டது கிடையாது. உலோகமும் அளவும் பற்றி நான் சொல்வதை நம்பலாம், அதைக் கையில் பிடித்துச் சுட்டவன் அனுபவம் என்னிடம் இல்லை.

சரி, மௌசர் விஷயம். இது மௌசர் இல்லை. பெயர் கெவேர் 88, ஜெர்மனில் கெவேர் என்றால் ரைஃபிள். ஷ்பண்டாவில் இருந்த ராணுவத்தின் துப்பாக்கிச் சோதனைக் கமிஷன் தானே உட்கார்ந்து வடிவமைத்தது, அதனால்தான் 'கமிஷன் ரைஃபிள்' என்ற பெயரும் உண்டு. பவுல் மௌசரின் ஓபர்ன்டார்ஃப் ஆலை இதைத் தயாரிக்கவே இல்லை. துருக்கிக்கு ஒப்பந்தம் போட்ட ரைஃபிள் வேலையில் அது மூழ்கிக் கிடந்தது. ஷ்பண்டாவ், எர்ஃபுர்ட், டான்சிக், பவேரியாவின் அம்பெர்க் ஆகிய நான்கு அரசு ஆலைகளும், லோவே, ஹேனல், ஷில்லிங், ஆஸ்திரியாவின் ஷ்டயர் ஆகிய தனியார் கம்பெனிகளும் செய்தன. லோவே மட்டும் 4 லட்சத்துக்கு மேல் செய்து கொடுத்தது. தையல் மெஷின் தயாரிக்கவென்று ஆரம்பித்த கம்பெனி அது, பிறகுதான் லேத்தும் துப்பாக்கியும்.

ஏன் கமிஷனே உட்கார்ந்து வரைய வேண்டி வந்தது? அவசரம். 1884இல் பிரான்சில் பால் வியெய் என்ற வேதியியலாளர் புகையில்லா வெடிமருந்தைச் செய்துவிட்டார். அதை வைத்து பிரெஞ்சுக்காரர்கள் 1886இல் 8 மி.மீ. லெபெல் ரைஃபிளை ஏற்றார்கள். அதுவரை எல்லா நாடும் வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த கருமருந்தில்தான் சுட்டுக்கொண்டிருந்தன. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். வெளியே புகை மண்டும், குழலுக்குள் பிசினாகப் படியும். நம் ஊர்த் திருவிழாவில் வேட்டு போட்ட இடத்தில் நின்றிருந்தால் அந்தப் புகை எப்படி என்று தெரியும். ஒரு பட்டாளமே அப்படிச் சுட்டால் இரண்டாவது சுற்றில் எதிரே எதுவும் தெரியாது, ஆனால் நீ எங்கே நிற்கிறாய் என்பது எதிரிக்குத் தெரியும். லெபெல் வந்ததும் இது ஒரே நாளில் பழங்கதையாகிவிட்டது. ஜெர்மனியோ 1884இல்தான் பழைய 11 மி.மீ. மௌசருக்கு எட்டுத் தோட்டா பிடிக்கும் குழாய் மேகசின் (தோட்டா அடுக்கும் அறை) வைத்து 71/84 என்று புதுப்பித்து, அதைப் படைக்கு விநியோகித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் 1887இல் எல்லையில் ஷ்னேபலே என்ற பிரெஞ்சு அதிகாரியை ஜெர்மன்காரர்கள் கைது செய்ததை ஒட்டி இரண்டு நாடும் போர் விளிம்புக்கே போய் வந்தன. பெர்லினுக்கு வயிற்றில் புளி கரைத்தது. கமிஷன் 1888 நவம்பரில் புது ரைஃபிளை ஏற்றுக்கொண்டது, அதாவது புகையில்லா மருந்து என்றால் என்ன என்று நன்றாகப் பழகிப் பார்ப்பதற்கு முன்பே.

இங்கே ஒன்று சொல்லாமல் போனால் கமிஷனுக்கு அநியாயம். தோட்டாவை அவர்கள் அருமையாகச் செய்தார்கள். 7.92 மி.மீ. காலிபர் (குழலின் பெயரளவு உள்விட்டம்), 57 மி.மீ. நீளப் பித்தளை உறை, அடியில் விளிம்பு நீட்டாமல் பள்ளம் மட்டும் வெட்டியது. விளிம்பு இல்லாததால் மேகசினில் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளாது. மருந்து ராட்வைல் ஊரிலிருந்து வந்தது, ஆமாம், அந்த நாய் இனத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஊர்தான், மாக்ஸ் டுட்டன்ஹோஃபர் என்பவரின் ஆலை. அந்தத் தோட்டா உறையின் அடிவிட்டம் கிட்டத்தட்ட 12 மி.மீ. நம் ராணுவம் வைத்திருந்த எஸ்.எல்.ஆர். ரைஃபிளின் 7.62 தோட்டாவை எடுத்து அடியை அளந்து பாருங்கள், ஏறக்குறைய அதே அளவு வரும். 1888இல் போட்ட அளவு இன்னும் உயிரோடிருக்கிறது.

துப்பாக்கிதான் அவியல். ஒவ்வொரு யோசனையும் தனியாகப் பார்த்தால் நல்லதுதான், சேர்த்துப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. போல்ட், அதாவது குழலின் பின்பக்கத்தை மூடித் திறக்கும் தண்டு, ஷ்பண்டாவ் ஆலையின் லூயி ஷ்லேகல்மில்ஹ் வடிவமைத்தது. மேகசின் ஆஸ்திரியாவின் மன்லிஹர் முறை: ஐந்து தோட்டாவை ஒரு தகட்டுக் கிளிப்போடு அப்படியே மேலிருந்து அழுத்திவிடலாம், கடைசித் தோட்டா சேம்பருக்கு (சுடும்போது தோட்டா உட்காரும் குழலின் பின்அறை) போனதும் காலிக் கிளிப் அடியில் உள்ள திறப்பு வழியாகக் கீழே விழும். வேகமான முறை. ஆனால் கிளிப் விழுகிற ஓட்டை வழியாகவே சேறும் மணலும் உள்ளே வரும், பதுங்குகுழியில் படுத்துக்கொண்டு சுடுகிறவனுக்கு அது நல்ல சேதி இல்லை. கிளிப் இல்லாமல் இந்த மேகசின் வேலையும் செய்யாது, தோட்டா கையில் நிறைய இருந்தும் கிளிப் தீர்ந்துபோனால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட வேண்டியதுதான். இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. மன்லிஹர் மேகசினின் காப்புரிமையை மீறிவிட்டீர்கள் என்று ஷ்டயர் கம்பெனி சண்டைக்கு வந்தது. கடைசியில் அந்தக் கம்பெனிக்கும் இந்த ரைஃபிளைத் தயாரிக்கும் உரிமையைக் கொடுத்துச் சமாதானம் ஆனார்கள்.

குழலைச் சுற்றி ஒரு மெல்லிய தகட்டு உறை இருக்கிறதே, சந்தையில் பார்த்திருப்பீர்கள், ரைஃபிள் ஏதோ தண்ணீர்க் குழாய் மாதிரி தெரிவதற்கு அதுதான் காரணம். அது அர்மாண்ட் மீக் என்ற மேஜரின் யோசனை. நோக்கம் நல்லது: சூடானால் குழல் நீளும், மரக்கட்டை மழையில் ஊதி வளையும், இரண்டும் ஒன்றையொன்று தள்ளினால் குறி தவறும், அதனால் குழல் மரத்தைத் தொடாமல் நடுவில் தனியாக நிற்கட்டும், சிப்பாயின் கையும் சுடாமல் இருக்கட்டும். நடந்தது வேறு. உறைக்கும் குழலுக்கும் நடுவே தண்ணீர் போனால் வெளியே வராது. துடைக்கவும் முடியாது, உள்ளே இருந்தபடியே துரு தின்னும். உறையில் எங்காவது ஒடுக்கு விழுந்தால் அது உள்ளே குழலை அழுத்தும், அப்போது மீக்கின் யோசனைக்கு நேர் எதிரான பலன்தான் கிடைக்கும். குறிபார்க்கும் பின்பக்கச் சட்டமும் அந்த உறை மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மேலே உறை இருக்கிறதே என்று குழலை வேறு ஒல்லியாகவே கடைந்திருக்கிறார்கள். பத்து வருடம் கழித்து வந்த கெவேர் 98இன் குழலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது நோஞ்சான் பிள்ளை மாதிரி இருக்கும்.

அப்புறம் போல்ட். நான் பிரித்துப் பார்த்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். போல்ட்டைப் பின்னால் இழுத்து வெளியே எடுத்தேன், கொஞ்சம் சாய்த்ததும் அதன் முன்தலை தனியாகக் கழன்று மேசையில் உருண்டு தரையில் விழுந்து நாற்காலிக்கடியில் போய்விட்டது. விரல் மொத்தமே உள்ள துண்டு அது. தோட்டாவைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரும், வெளியே தட்டிவிடும் எஜெக்டரும் அதில்தான் இருக்கின்றன, தோட்டாவின் அடி சாய்ந்து நிற்பதும் அதன் மேல்தான். வீட்டுக்காரர் சிரித்தார், "எல்லாருக்கும் இதேதான்" என்றார். இருட்டில், குளிரில், புல்தரையில் உட்கார்ந்து துடைக்கிற ஒரு சிப்பாய்க்கு அது தொலையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அதைவிட மோசமான ஒன்று அதே போல்ட்டில் உண்டு. போல்ட்டை முன்னே தள்ளும்போது எக்ஸ்ட்ராக்டர் தோட்டாவைக் கவ்வுவதில்லை, கடைசிவரை தள்ளி மூடினால்தான் கவ்வும். பதற்றத்தில் ஒருவன் முழுக்க மூடாமல் பின்னால் இழுத்துவிட்டால் முதல் தோட்டா சேம்பரிலேயே கிடக்கும். மறுபடி தள்ளினால் இரண்டாவது தோட்டாவின் மூக்கு போய் முதல் தோட்டாவின் அடியில், தட்டினால் தீப்பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் இருக்கிற இடத்தில் முட்டும். குறைந்தபட்சம் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். மௌசர் தன் 1890களின் ரைஃபிள்களில் நீளமான எக்ஸ்ட்ராக்டரை வைத்து, தோட்டா மேகசினை விட்டு மேலே வந்த உடனேயே அதைக் கவ்வும்படி செய்தது இந்த ஆபத்தை ஒழிக்கத்தான். போதாததற்கு, பிரைமர் துளைபட்டாலோ தோட்டாவின் பித்தளை உறை பிளந்தாலோ பின்னால் பாயும் வாயுவை ஒதுக்கிவிட 88இல் சரியான வழி இல்லை, கண்ணுக்கு நேரே வரும். பிறகு போல்ட்டின் பின்முனையில் சின்னக் கேடயம் மாதிரி ஒரு தடுப்பு வைத்தார்கள்.

இப்போது குழல் வெடித்த கதைக்கு வருகிறேன். இதுதான் என் ஏரியா. முதலில் உறுதியாகத் தெரிந்த அளவுகள். குழலின் உள்விட்டம் 7.90 மி.மீ. புரி என்பது குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளம், அதன் ஆழம் 0.10 மி.மீ., ஆக எதிரெதிர்ப் புரிகளின் அடிக்கு அடி 8.10. குண்டின் விட்டம் 8.08, எடை 14.6 கிராம், மேலே கெட்டியான எஃகு உறை. புரி ஆழம் 0.10 என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா, பிரின்டரில் இருக்கிற ஒரு ஏ4 தாளை விரலில் பிடித்துப் பாருங்கள், அவ்வளவுதான். குண்டுக்கும் புரியின் அடிக்கும் இடையே உள்ள வித்தியாசம் அந்தத் தாளில் ஐந்தில் ஒரு பங்கு. 1890இல், ஏழெட்டு ஆலைகளில், லட்சக்கணக்கில் குழல் கடைந்து, அதற்கான குண்டை வேறு ஆலைகளில் வார்த்து, எல்லாமே இந்த இடைவெளிக்குள் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். கேஜ் பிடித்த கையாகச் சொல்கிறேன், குழல் கொஞ்சம் சிறுத்தும் குண்டு கொஞ்சம் பெருத்தும் ஒரே துப்பாக்கியில் சந்திக்கிற நாள் வந்தே தீரும்.

கருமருந்துக் காலத்தில் அப்படிச் சந்தித்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈயக் குண்டு மெத்தென்று வழிவிடும், மருந்தும் ஒரு அளவுக்கு மேல் சீறாது. புகையில்லா மருந்தின் குணம் வேறு. அழுத்தம் ஏற ஏற அது இன்னும் வேகமாக எரியும், வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். குண்டு நகரக் கொஞ்சம் தாமதித்தால் போதும், அடுத்த நொடியின் சின்னத் துணுக்கிலேயே கணக்கு கைமீறிவிடும். இதோடு அன்றைய மருந்து பீப்பாய்க்குப் பீப்பாய் ஒரே சீராக இல்லை, பித்தளை உறைகளிலும் பலவீனம் இருந்தது, குழலோ ஒல்லி, குண்டின் உறை வேறு குழலில் உலோகமாகப் படிந்து துளையை மேலும் சிறுக்க வைத்தது. குழல்கள் வெடித்ததும், பித்தளை உறைகள் கிழிந்ததும், 1896இல் புரியின் ஆழத்தை 0.10இலிருந்து 0.15ஆக மாற்றியதும் பதிவான உண்மைகள். நான் மேலே சொன்ன காரணங்களில் எது எத்தனை பங்கு என்பது மட்டும் தொழில் அனுபவத்தில் நான் கட்டும் கணக்கு. ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு 'இதுதான்' என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். ஆழமில்லாத புரி சீக்கிரம் தேய்ந்ததும் அந்த மாற்றத்துக்கு இன்னொரு காரணம்.

ஜெர்மன்காரர்கள் மட்டும் ஏமாந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அதே 1888இல் பிரிட்டன் ஏற்ற லீ-மெட்ஃபோர்டுக்கும் ஆழமில்லாத புரிதான், கருமருந்துக்கு அது கச்சிதம். கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்ததும் அந்தப் புரியைச் சூடு தின்றுவிட்டது. 1895இல் ஆழமான என்ஃபீல்டு புரிக்கு மாறினார்கள். நம் போலீஸ்காரர்கள் தோளில் பல காலம் தொங்கிய 303 ரைஃபிளின் வம்சம் அப்படி வந்ததுதான்.

இனி அந்தச் 'சதி'. இதுவும் பதிவான கதை, ஆனால் சதியின் கதை அல்ல, ஒரு புளுகனின் கதை. ஹெர்மன் ஆல்வார்ட் என்று ஒரு பள்ளித் தலைமையாசிரியர், யூத வெறுப்பை வைத்தே அரசியலில் ஏறியவர். 1892இல் 'யூதத் துப்பாக்கிகள்' என்ற பெயரில் துண்டுப் பிரசுரம் போட்டார். லோவே கம்பெனியின் தலைவர் இசிடோர் லோவே யூதர், அவர் பிரான்சோடு சேர்ந்து ஜெர்மன் படையை ஒழிக்க வேண்டுமென்றே கெட்ட ரைஃபிள் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. வழக்கு நடந்தது, அரசும் படைத்துறையும் துப்பாக்கிகள் ஒழுங்கானவை என்று நின்றன, அதே வருடம் டிசம்பரில் அவதூறுக்காக ஆல்வார்டுக்கு ஐந்து மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால் ஏறக்குறைய அதே நாட்களில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுத்தார்கள். நீதிமன்றத்தை விடுங்கள், நான் உலோகத்தைக் கேட்கிறேன். புரியை ஆழப்படுத்தியதைக் காட்ட குழலில் 'இசட்' என்று முத்திரை குத்தினார்கள், ஜெர்மனில் புரியைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. அந்த முத்திரை ஷ்பண்டாவ் ரைஃபிளிலும் இருக்கிறது, எர்ஃபுர்ட்டிலும் இருக்கிறது, அம்பெர்க்கிலும் இருக்கிறது. லோவே கெடுத்தார் என்றால் லோவே ரைஃபிளை மட்டும் திருத்தினால் போதாதா, அரசாங்கம் தன் சொந்த ஆலையில் செய்ததை ஏன் திருத்த வேண்டும்? கோளாறு கமிஷன் போட்ட வரைபடத்திலேயே இருந்தது, அதைப் பார்த்துச் செய்த எல்லாரிடமும் அதே கோளாறு வந்தது. 130 வருடம் கழித்துச் சந்தையில் ஒருவர் உங்கள் காதில் ஓதியது ஆல்வார்டின் பிரசுரத்தைத்தான், அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

பிறகு இந்த ரைஃபிள் என்ன ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1898 ஏப்ரலில் மௌசரின் கெவேர் 98 வந்து இதை ஓரங்கட்டியது. 1905 வாக்கில் கூர்முனைக் குண்டு வந்தது, சுமார் 10 கிராம், விட்டம் 8.20. அதை ஏற்கும்படி சேம்பரைத் திருத்திய 88களில் 'எஸ்' முத்திரை குத்தினார்கள். சிலவற்றில் மன்லிஹர் கிளிப்பைத் தூக்கிவிட்டு, மௌசர் மாதிரி பட்டைக் கிளிப்பிலிருந்து தோட்டாவை உள்ளே தள்ளும்படி மேலே வழிகாட்டித் துண்டுகளை வைத்து, அடி ஓட்டையைத் தகட்டால் அடைத்தார்கள், அது 88/05. முதல் உலகப் போரில் துப்பாக்கிப் பஞ்சம் வந்தபோது ரிசர்வ் படைகளுக்கும் துருக்கிக்கும் இவை போயின. எனக்குப் பிடித்த பகுதி சீனா. ஹான்யாங் ஆலையில் 1895 முதல் இதை நகலெடுக்கத் தொடங்கி, இரண்டாம் உலகப் போர் வரை செய்துகொண்டே இருந்தார்கள். 1911 அக்டோபரில் வூச்சாங்கில் புரட்சி வெடித்தபோது சிப்பாய்கள் கையில் இருந்தது இந்த ஹான்யாங் ரைஃபிள்தான். அவர்கள் சில வருடத்திலேயே செய்த முதல் நல்ல காரியம், குழலைச் சுற்றியிருந்த தகட்டு உறையைத் தூக்கி எறிந்துவிட்டு மரக் கைப்பிடிப்பு வைத்தது.

உங்கள் ரைஃபிளுக்கு வருகிறேன். வாங்குவதாக இருந்தால் சுவரில் மாட்ட வாங்குங்கள். சுடுவது பற்றி யோசித்தால், குழலுக்கும் சேம்பருக்கும் பக்கத்தில் 'இசட்', 'எஸ்' முத்திரைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், ஆனால் இருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். கடையில் இன்று '8 மி.மீ. மௌசர்' என்று கிடைப்பது 8.20 குண்டு, பலவற்றில் அழுத்தமும் அதிகம். திருத்தாத 8.10 குழலுக்குள் அதைப் போடுவதுதான் இந்தத் துப்பாக்கியை இன்றைக்கும் வெடிக்க வைக்கும் நேர்வழி. தோட்டாப் பெட்டியில் '8x57 ஜே' என்று இருந்தால் பழைய சிறிய குண்டு, 'ஜே எஸ்' என்று இருந்தால் பெரியது. அந்த 'ஜே' உண்மையில் 'ஐ', இன்ஃபான்டரி என்பதன் முதலெழுத்து, பழைய ஜெர்மன் அச்சில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் வந்த குழப்பம். துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து உள்விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள், ஈயத் துண்டு ஒன்றைத் தள்ளி அச்செடுத்து அளப்பார், பெரிய வேலை இல்லை. குழலின் உறைக்குள் துரு எவ்வளவு என்பதை மட்டும் அவராலும் பிரிக்காமல் சொல்ல முடியாது, அதனால்தான் சுவரில் மாட்டச் சொன்னேன். விலை பேசுவதற்கு முன் போல்ட்டை வெளியே எடுக்கச் சொல்லி, முன்தலை இருக்கிறதா, அதில் உள்ள எண்ணும் போல்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். எண் ஒத்துவராவிட்டால், அசல் எங்கோ புல்லில் தொலைந்து வேறெதையோ மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். எடுக்கும்போது கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். முத்திரைகள் தெரியும்படி இரண்டு படம் போட்டால் மிச்சத்தையும் பார்த்துச் சொல்கிறேன்.